சாமி பிடித்த கை

புல் வெட்டும் மெஷினை முதுகில் மாட்டி முடுக்கினால் முதலில் கொஞ்ச நேரம் கை வலிக்காது. அதிர்வு விரல்களுக்குள் புகுந்து வலியை அடியில் போட்டு அமுக்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்த மட்டும் சாலையோரத்தை வெட்டித் தள்ளிவிடப் பார்ப்பான் காளிதாசன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கைச் சுற்றி எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் சாலைகளில் புல் வெட்டுவது அவன் வேலை. அறுபட்ட லாலாங் புல்லின் பச்சை வாசனையும் பெட்ரோல் புகையும் சட்டையோடு வீட்டுக்கு வரும்.

மெஷினை நிறுத்தியதும்தான் கை தன் வேலையைக் காட்டும். கட்டைவிரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போகும். மரத்ததற்குள் எறும்பு ஊரும். பிறகு மணிக்கட்டில் சூடான கம்பியை நுழைத்து முழங்கைவரை யாரோ இழுப்பதுபோல இருக்கும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்ததைக் கேட்டும் கேளாததுபோல அது பாட்டுக்கு இருக்கும்.

இடது கை. அவன் உறுமி இழுக்கும் கை.

உறுமியின் வலப்பக்கத்தைத் தட்டுவதற்கு ஆள் கிடைக்கும். இடப்பக்கத் தோலில் எண்ணெய் தடவி, வளைந்த குச்சியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து இழுக்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் தளர்ந்தால் வெறும் கீச்சு. கூடினால் தோல் கிழியும். சரியாக விழுந்தால் காடு உறுமும். முனியாண்டி கோயில் திருவிழாவில் ஆற்றிலிருந்து கரகம் கிளம்பி வரும் வழி முழுக்க அந்த உறுமல் அறுபடக் கூடாது. அறுந்தால் சாமி பாதி வழியில் நின்றுவிடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்காகவே உறுமிக்காரனுக்கு ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்தில் யார் மேல் வேண்டுமானாலும் சாமி வரலாம். உறுமிக்காரன் மேல் வரக் கூடாது. வந்துவிட்டால் அவன் அதற்குப் பிறகு உறுமியைத் தொடக் கூடாது. கூப்பிடுகிறவன் வேறு, வருகிறவர் வேறு.

காளிதாசன் வாலிபத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எத்தனையோ பேர் அவன் முன்னால் நாக்கைக் கடித்து ஆடி விழுந்திருக்கிறார்கள். அவன் கண் சிமிட்டியதில்லை.

சுங்கைப்பட்டாணிப் பெரியாஸ்பத்திரியில் அவனைப் பார்த்தது ஒரு மலாய்க்கார டாக்டர். சின்ன வயதுப் பெண். விரல்களில் ஒயரை ஒட்டி மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டை அவள் தன் விரலால் அழுத்திப் பார்த்தாள். அங்கே மேடு குறைந்திருந்தது. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, சின்னதாக வெட்டி இடம் விட்டால் போதும், சீக்கிரம் செய்தால் நல்லது என்றாள். மெஷினையும் விட வேண்டும். அந்த மேளத்தையும் விட வேண்டும், குறைந்தது சில மாதங்களுக்கு.

மனைவி லோகேஸ்வரி கூடப் போயிருந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள். அவளுக்குத்தான் மலாய் நன்றாக வரும்.

"திருவிழா முடிஞ்சு வெட்டிக்கிறன்னு சொல்லு," என்றான் அவன்.

"திருவிழாவுக்கு வேற ஆளு இல்லையாலா? மேளம் அடிக்கிற சசிதரன் இருக்கான்ல?"

"அவன் இழுத்தா கதவு சத்தம் மாதிரி இருக்கும்."

அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் கை, உங்கள் இஷ்டம் என்ற மாதிரி தலையை அசைத்து வேறு தேதி போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் அவள் தேதிச் சீட்டை மடித்துப் பர்ஸுக்குள் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை வருவதும் போவதுமாக இருந்தது. பீடோங் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, அவள் ரொட்டி சானாய் கட்டி வாங்கிக்கொண்டாள். அவன் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். மேளக்குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டு வாசலில்தான் சொன்னான்.

அவள் சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழா அன்று பகல் முழுக்க மழை வரும் வரும் என்று புழுங்கியது, வரவில்லை. மாலையில் ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்தார்கள். கோயில் தலைவர் சின்னையா சாம்பிராணித் தட்டோடு முன்னால் நின்றார். பழைய மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். காளிதாசனுக்குப் பெரியப்பா மகன். லோகேஸ்வரி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் கூட்டத்தில் வந்தாள். அவள் கண் கரகத்தின் மேல் இல்லை. குச்சியைப் பிடித்திருந்த கைமேல் இருந்தது.

பாதி வழிவரை உறுமல் நன்றாகத்தான் வந்தது. செம்பனைக் காய் ஏற்றும் லாரிகள் திரும்புகிற முக்கில் அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். குச்சியின் பிடி நழுவியது. திரும்ப அழுத்தினான். அடுத்த இழுப்பில் மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை ஏதோ வெட்டியதுபோல் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. குச்சி எங்கோ பறந்தது. இடது கை தானாக மேலே எழுந்து வெட வெட என்று நடுங்கியது. முழங்கால் மடங்கி உறுமியோடு செம்மண்ணில் உட்கார்ந்தான். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாடு அறுபடும்போது வரும் சத்தம் என்று அவள் பின்னால் நினைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது.

 உறுமல் அறுந்துவிட்டது. கரகம் பாதி வழியில். சில பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஒருமுறை இப்படி அறுந்த வருஷத்தில்தான் தோட்டத்து லாரி கவிழ்ந்து ஆட்கள் செத்தார்கள்.

அப்போது சின்னையாவின் குரல் எழுந்தது.

"கூப்பிட்டவன் மேலேயே வந்துட்டாருடா. பழத்தை எடு."

எலுமிச்சம்பழத்தை அவன் வாயில் பிழிந்தார்கள். லோகேஸ்வரியின் குடத்தைப் பிடுங்கி அந்தக் கையின் மேல் ஊற்றினார்கள். கரகத்துக்குக் கட்டியிருந்த மாலையிலிருந்து ஒரு சரத்தை அறுத்து மணிக்கட்டில் சுற்றினார்கள். சசிதரன் கீழே கிடந்த குச்சியைத் தேடி எடுத்து, அவன் தோளிலிருந்து உறுமியைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சுமாராக ஒரு உறுமல். ஊர்வலம் நகர்ந்தது.

சின்னையா லோகேஸ்வரியைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி வெரதம் சுத்தமா இருந்தானாம்மா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நரம்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தே நோய்க்கையோடு வந்து கரகத்தை வழியில் நிறுத்தினான் என்று ஆகும். இனி அந்த வருஷம் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது அவன் தலையில் விடியும். அவள் தலையை ஆட்டினாள்.

"இருந்தாரு அண்ணே."

அவ்வளவுதான் அவள் செய்தது.

திருவிழாவுக்குப் பிறகு காளிதாசனால் மெஷினைத் தூக்க முடியவில்லை. குத்தகைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவன் பகலில் வீட்டில் இருந்தான். கோப்பையை வலது கையால் பிடித்துப் பால் சேர்க்காத தே ஓ குடித்தான். சட்டைப் பொத்தானை லோகேஸ்வரி போட்டுவிட்டாள். படுத்தால் கை எரிந்தது. எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் அடங்கியது. ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் அணைத்துவிடுவான். மெல்ல மெல்ல ஆட்கள் வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையை மட்டும் தலையில் வையுங்கள் என்றார்கள். அவனை யாரும் காளி என்று கூப்பிடுவதில்லை. அவனோடு சீட்டு விளையாடியவர்கள்கூட வாங்க போங்க என்றார்கள்.

ஆபரேஷன் தேதி நெருங்கியபோது சின்னையா வந்தார். லோகேஸ்வரி தஞ்சோங் டாவாயிலிருந்து வந்த நெத்திலியைத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அது அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்ததே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதா பேசிக்கிறாங்க," என்றார்.

"ஆமா அண்ணே. தேதி வந்துருச்சு. முன்னாடியே போட்டது," என்றாள் லோகேஸ்வரி.

"எந்தக் கையி?"

"எந்தக் கையின்னா? வலிக்கிற கைதான்."

"சாமி பிடிச்ச கையில கத்தி வைக்கிறதாம்மா?"

"அண்ணே, அது நரம்பு. டாக்டரம்மா படம்லாம் காட்டுனாங்க. திருவிழாவுக்கு முன்னாடியே இருந்தது அது."

சின்னையா கோபப்படவில்லை. நெத்திலி முறத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளி அவளுடைய குவியலில் போட்டார்.

"முன்னாடியே இருந்ததுன்னா முன்னாடியே வரப் பார்த்திருக்காரு. நமக்குத்தான் தெரியல. ஏம்மா, ஒன்ன நான் கேக்கறன். அன்னிக்கு நீதான சொன்ன, வெரதம் சுத்தம்னு?"

"சொன்னன்."

"பொய்யா சொன்ன?"

அவள் முறத்திலிருந்து அடுத்த நெத்திலியை எடுத்தாள்.

"எனக்கும் ஒன்னும் தெரியாம இல்லலா," என்றார் அவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில். "நானும் ஆஸ்பத்திரிக்குப் போறவன்தான். ரெண்டு கண்ணுலயும் வெட்டிக்கிட்டவன். ஆனா தோட்டத்தக் கம்பெனிக்காரன் விக்கப் போறான்னு பேச்சு. கோயில எங்க தூக்கிக்கிட்டுப் போறது? இப்பல்லாம் வெள்ளிக்கெழமைல வெளியூருலேர்ந்து எத்தன மோட்டோர் வருது பாத்தியா? சனம் வந்தாதான் கோயில் நிக்கும். சனம் தம்பி கைக்குத்தான் வருது. வெள்ளிக்கெழம கோயில்ல உக்காந்து அந்தக் கையால துன்னூறு குடுத்தா போதும்."

"கோயிலுக்காக இவரு கை அழுகணுமா?"

"அழுகுதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றன். பொத்தான் போட்டுவிடறவ நான்தான்."

சின்னையா காளிதாசனைப் பார்த்தார். அவன் சுவரில் சாய்ந்து, தன் கையை மடியில் வேறு யாருடைய பொருளையோ வைத்திருப்பதுபோல வைத்திருந்தான்.

"நீ சொல்லு தம்பி."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அவன் இடது கையை வலது கையால் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"எடது கையால துன்னூறு குடுக்கறது தப்பில்லையா அண்ணே?" என்றான்.

லோகேஸ்வரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"மத்தவங்களுக்குத் தப்பு," என்றார் சின்னையா. "முனியாண்டி பிடிச்ச கைக்கு எடதுமில்ல வலதுமில்ல."

அவர் போன பிறகு அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். நெத்திலி வாடை வீடெங்கும் இருந்தது. அவன் தானாகத்தான் பேசினான்.

"வெட்டிக்கிட்டா உறுமி திரும்பி வருமா லோகா?"

"டாக்டரம்மா சொன்னாங்கள்ல, கொஞ்ச மாசம் ஆனா..."

"அத சொல்லல. அண்ணன் குடுப்பாரா? சாமி வந்தவன் தொடக் கூடாது. அது முடிஞ்சு போச்சு. எனக்கு சாமி வரலன்னா, நான் கரகத்த நிறுத்துனவன். அவனுக்கும் குடுக்க மாட்டாங்க."

"உறுமி இல்லாட்டி என்ன? வலி போகும்ல?"

அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவள் ஏதோ வேற்று மொழியில் பேசியதுபோல, அதைப் புரிந்துகொள்ள முயன்று முடியாமல்போனதுபோல இருந்தது.

"வெள்ளிக்கெழம கோயில்ல உக்காந்தா, மொதல்ல உறுமி அடிப்பாங்க," என்றான். "பக்கத்துலயே. கேட்டுக்கிட்டாவது இருப்பன்."

அன்று இரவு அவன் எழுந்து கையை உதறும் சத்தம் கேட்டது. தூங்குவதுபோலப் படுத்திருந்தாள். தேதி வந்தது. அவள் கேண்டீனுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையில் குளித்து, அவனுடைய நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்தாள். அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் போகும் நேரம் கடந்ததும் அவள் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.

கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. காலைப் பூஜைக்குப் பிறகு முனியாண்டி கோயில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து அவனை உட்கார வைப்பார்கள். சசிதரன் உறுமியை இழுப்பான். இப்போது முன்னைவிட நன்றாக வந்தது. அழுத்தம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழத் தொடங்கியிருந்தது. காளிதாசன் கண்ணை மூடிக் கேட்டான். அவனுடைய கட்டைவிரல், மேடு முழுக்க வற்றிக் குழிந்துபோன கையில், எதையோ அழுத்துவதுபோல இலேசாக அசையும். சாமி இறங்குகிறது என்று சனம் கும்பிடும். கை நடுங்கத் தொடங்கியதும் உறுமியை நிறுத்திவிடுவார்கள். அவன் கேட்க விரும்பியது அந்த இடத்தில் அறுந்துவிடும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமையில் திகாம் பத்து என்ற ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் அன்பரசி என்றாள். முப்பது வயதிருக்கும். கையுறை செய்யும் தொழிற்சாலையில், அவர்கள் பேச்சில் கிலாங்கில், பேக்கிங் வேலை. புருஷன் மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே நின்றுகொண்டான். அவள் பாயின் முன் மண்டியிட்டு வலது கையை நீட்டினாள். லோகேஸ்வரி திருநீற்றுத் தட்டோடு அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். சின்னையா வேப்பமரத்தில் சாய்ந்திருந்தார்.

"என்னான்னு தெரியல சாமி, இந்தக் கையி..."

காளிதாசன் அவள் கையைப் பார்த்தான். பிறகு, இத்தனை வாரங்களில் முதல்முறையாக, தானாகச் சொன்னான்.

"கட்டவெரல், ஆள்காட்டி வெரல், நடு வெரல். மரத்துப் போகுது. சுண்டுவெரலு நல்லா இருக்கு."

அவள் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"படுத்தா எரியும். எழுந்து ஒதறுவ. ஒதறுனா கொஞ்சம் கேக்கும். டம்ளர் கீழ விழும். விழுந்த பெறகுதான் கையில இல்லன்னு தெரியும்."

அன்பரசி அழத் தொடங்கினாள். பின்னால் நின்ற பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு பரவியது. யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். சொல்லாமலே சொல்லுது பாரு என்று ஒரு கிழவி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். லோகேஸ்வரிக்குத் தட்டு கனத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றான் காளிதாசன்.

"போனன் சாமி. வெட்டணும்னாங்க. அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

"அப்ப போ."

"பயமா இருக்கு சாமி. கிலாங்ல ஒரு அக்கா சொன்னாங்க, ஒங்களுக்கும் இப்படித்தான் இருந்ததாம், கத்தி படாமயே சாமி சரியாக்கிட்டாருன்னு. அதான் தேதிய வேணான்னு சொல்லிட்டு இங்க வந்தன்."

அவன் சின்னையாவைப் பார்க்கவில்லை. லோகேஸ்வரியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் கண்ணில் நீர் நின்றது. அவன் கையை நீட்டி, அன்பரசியின் உள்ளங்கையைத் தன் வலது கையால் திருப்பினான். கட்டைவிரலடி மேடு இன்னும் இருந்தது. நல்ல சதையாக, அழுத்தினால் எழும்பி வந்தது. தன் இடது கையை அதன் பக்கத்தில் விரித்து வைத்தான்.

"இதப் பாரு," என்றான். "எனக்கு ஆவல. இந்த மேடு எறங்கிப் போச்சு. இதுல உசுரு இல்ல. நான் போவாம உட்டுட்டன். எனக்கு இது சாமி இல்ல, நரம்பு. நீ போயி வெட்டிக்க."

உறுமிக் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்த சசிதரன் நிமிர்ந்து பார்த்தான்.  கற்பூரம் எரிந்து தட்டில் கருகியது.

அன்பரசி அந்த இரண்டு கைகளையும் வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. அவன் சொன்னதை ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் லோகேஸ்வரி நினைத்தாள். ஆனால் அவள் குனிந்து அந்த வற்றிய கையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

"எல்லார் நோவையும் வாங்கி வாங்கி இப்படி ஆயிருச்சா சாமி," என்றாள்.

"இல்லம்மா. நான் சொல்றதக் கேளு."

"கோவிச்சுக்காதீங்க சாமி. நான் நம்பிக்கையோடதான் வந்திருக்கன். என்னச் சோதிக்காதீங்க."

"லோகா," என்றான் அவன். "நீ சொல்லு இவளுக்கு."

லோகேஸ்வரி சொன்னாள். டாக்டரம்மா சொன்னது, மேடு வற்றியது, போட்ட தேதி போனது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இத்தனை நாளும் வாயில் அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வந்தது. கூட்டம் மரியாதையாகக் கேட்டது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தப் பொம்பளை எவ்வளவு கஷ்டம் பட்டிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சின்னையா சாய்ந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. அவருக்கு எதுவும் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

"துன்னூறு மட்டும் குடுங்க சாமி, போயிடறன்," என்றாள் அன்பரசி. "கிலாங்ல சூத்தி குடுக்க மாட்டாங்க, லீவே கெடைக்காது. அடுத்த வெள்ளிக்கெழம ஷிப்ட் இருக்கு. இன்னிக்கு விட்டா முடியாது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டுக்குள் கையை விட்டான். இடது கையைத்தான் விட்டான். விரல்களுக்கிடையே எடுத்தோமா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதி திருநீறு அவள் மடியில் சிந்தியது. அவள் அதைக்கூட வழித்து எடுத்து, வலிக்கிற கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பூசிக்கொண்டாள்.

புருஷன் வண்டியை உதைத்தான். அவள் பின்னால் ஏறி, ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் பூசிய கையை மட்டும் எதிலும் படாமல் மார்போடு தூக்கி வைத்துக்கொண்டாள், கோழிக்குஞ்சைக் கொண்டுபோவதுபோல. செம்மண் சாலையில் வண்டி குலுங்கியபோதும் அதைக் கீழே இறக்கவில்லை.

பாயின் முன்னால் அடுத்து நின்றிருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மண்டியிட்டார்.